சாகிற பிள்ளைகளுக்குப் பெயர் வேண்டும்

(மேலூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இரண்டு படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டுமே ஏமாற்றிய படங்கள். நன்றாக ஓடிய படங்களைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய இருக்கிறது, அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்று, ராம் கோபால் வர்மா இயக்கி 2009 ஆகஸ்டில் வந்த ‘அக்யாத்’. மற்றது, அமெரிக்க இயக்குநர் வெஸ் கிரேவன் எழுதி இயக்கி 2010 அக்டோபரில் வந்த ‘மை சோல் டு டேக்’. பயமுறுத்துவதில் இரண்டு பேருமே கைதேர்ந்தவர்கள். கூட்டமாக இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சாகிற கதையை ஏறக்குறைய ஒரே காலத்தில் கையில் எடுத்து, இரண்டு பேருமே சறுக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் சறுக்கிய திசைக்கு நேர் எதிர்த்திசையில் மற்றவர் சறுக்கினார்.

முதலில் இந்த வகைப் படம் எது என்று பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ஸ்லாஷர்’ என்பார்கள். நம் தியேட்டர் வாசலில் ‘சைக்கோ படம்’ என்றால் தீர்ந்தது. முகமூடி போட்ட ஒருவன், கையில் கத்தி, எதிரே பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைகள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். யார் அடுத்தது, கடைசியில் மிஞ்சுவது யார், கொலைகாரன் யார். இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிவிடலாம். செலவும் கம்மி. ஜான் கார்பென்டர் 1978-ல் ‘ஹாலோவீன்’ எடுத்தது மூன்று லட்சத்துச் சொச்சம் டாலரில். அது கோடிகளாகத் திரும்பி வந்ததும் அமெரிக்காவில் ஆளாளுக்கு முகமூடி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே 1978-ல், ‘ஹாலோவீன்’ வந்த அதே அக்டோபர் மாதக் கடைசியில்தான் இங்கே பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. மண்வாசனைக்காரர் என்று பெயர் வாங்கிய தேனிக்காரர், மூன்றாவது படத்திலேயே கமலஹாசன் கையில் கத்தியைக் கொடுத்து, ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் பிணங்களைப் புதைத்தார். அடுத்து 1980-ல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. 1984-ல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’, மொட்டைத் தலையும் கண்ணாடியுமாகச் சத்யராஜ். அந்தக் கதையின் வேர் இத்தாலியில் லூச்சியோ ஃபுல்சி 1977-ல் எடுத்த படம் ஒன்றில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து கோடம்பாக்கத்துக்குக் கதை வந்து சேர ஏழு வருடம் ஆகியிருக்கிறது, அந்தக் காலத்துக்கு அது வேகம்தான்.

ஆனால் இவை எதிலும் பிள்ளைக் கூட்டம் இல்லை. கல்லூரிப் பிள்ளைகளை வைத்து முழுக்க அந்த அமெரிக்க அச்சிலேயே தமிழில் வார்த்த படம் என்றால் 2003-ல் ஜேடி–ஜெர்ரி இயக்கிய ‘விசில்’ நினைவுக்கு வருகிறது. ‘அர்பன் லெஜண்ட்’ என்ற 1998-ஆம் வருடத்து அமெரிக்கப் படத்தின் சாயல். இமானின் பாட்டு இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் ஒலிக்கிறது. படம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கொலை ஒரு பக்கம், விவேக்கின் காமெடி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பயம் சூடு பிடிக்கிற நேரத்தில் யாராவது ஆட வந்துவிடுவார்கள்.

இதில் இயக்குநர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க ஸ்லாஷருக்கு, பெரியவர்கள் இல்லாத வீடு வேண்டும். அப்பா அம்மா ஊருக்குப் போயிருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கார் வேண்டும். மேலூரில் ஒரு ப்ளஸ் டூ பையன் ராத்திரி ஒன்பது மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நின்றால், அரை மணிக்குள் அவன் சித்தப்பாவுக்குத் தகவல் போய்விடும். இந்த ஊரில் எந்த முகமூடிக்காரன் பிழைப்பான்? அதனால்தான் நம் பேய்ப் படங்களில் பேய் வீட்டுக்குள்ளேயே வந்து, மாமியார் மருமகள் எல்லாருடனும் கூட்டுக் குடும்பமாக இருக்கிறது. லாரன்ஸின் ‘காஞ்சனா’வில் பேயை விடக் கோவை சரளாவுக்குக் கைத்தட்டல் அதிகம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நம் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும், அதைக் கேட்க ஒரு குடும்பம் வேண்டும்.

சரி, ராம் கோபால் வர்மாவுக்கு வருவோம்.

அவருடைய பயத்தின் ஆரம்பம் 1992-ல் வந்த ‘ராத்’. நம் ரேவதிதான் நாயகி. புதிதாகக் குடிவந்த வீடு, செத்துப்போகிற ஒரு பூனை, தரையோடு ஊர்ந்து வருகிற கேமரா. அதற்குப் பிறகு 2003-ல் ‘பூத்’. மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாம் தளத்துக்குப் புதுத் தம்பதி குடிவருகிறார்கள். முன்பு அங்கே இருந்த பெண் பால்கனியிலிருந்து விழுந்து செத்தவள் என்று கணவனுக்குத் தெரியும். வாடகை வீடு கிடைத்த சந்தோஷத்தில் மனைவியிடம் மறைத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதையின் முடிச்சு. படத்துக்குள் ஒரு பாட்டுக் கிடையாது. லிப்ட், வாட்ச்மேன், நடு ராத்திரி ஃப்ரிட்ஜ் வெளிச்சம், இவற்றை வைத்தே நம்மை நாற்காலியின் நுனிக்கு இழுத்தார். மனைவியாக நடித்த ஊர்மிளா பயப்படும்போது நாமும் பயந்தோம், ஏனென்றால் அதற்கு முன் அரை மணி நேரம் அவளோடு அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறோம். கணவன் சொன்ன பொய்யும் நமக்குத் தெரியும்.

‘அக்யாத்’தில் என்ன செய்தார்? ஒரு சினிமாக் குழுவைக் காட்டுக்கு அனுப்பினார். கேமரா பழுதாகிவிடுகிறது. சரியாகும்வரை சும்மா இருப்பானேன் என்று காட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழிகாட்டி முதலில் சாகிறான். பிறகு வரிசையாக ஒவ்வொருவராக. தலைக்கனம் பிடித்த நடிகன், சிடுசிடுக்கிற தயாரிப்பாளர், ஆடத் தெரிந்த கதாநாயகி, அவளை ஒதுங்கி நின்று பார்க்கிற உதவி இயக்குநர். கொல்வது எது என்று கடைசிவரை காட்டவே இல்லை. தலைப்புக்கே ‘அறியப்படாதது’ என்று அர்த்தம். படத்தின் முடிவும் இரண்டாம் பாகத்துக்குத் தோது செய்துவிட்டு நின்றது. அந்தப் பாகம் வந்து சேரவில்லை.

அன்றைக்குப் பலர் எழுதிய குறை, ‘மிருகத்தைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார்’ என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காட்டாமல் இருப்பது குற்றமென்றால் அழகர்கோயில் வாசலில் நமக்குப் பயமே வரக்கூடாது. பதினெட்டாம்படிக் கருப்பை நாம் எங்கே பார்த்தோம்? அடைத்த கதவு. அந்தக் கதவுக்குச் சந்தனம் சாத்தி, மாலை போட்டுக் கும்பிடுகிறோம். உருவம் கண்ணில் படாது. ஆனாலும் கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிற ஆள், அந்தப் படியில் நின்று சத்தியம் செய்யச் சொன்னால் பின்வாங்குவான். ‘கேசே வேண்டாம்ப்பா, நிலத்தை நீயே வச்சுக்க’ என்று போனவர்களின் கதை இந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு. கதவுக்குப் பின்னால் இருப்பதற்கு என் கணக்கு வழக்குத் தெரியும் என்பதுதான் அங்கே பயம். காட்டில் இருந்த அந்த ‘அறியப்படாதது’க்கு யாரையும் தெரியாது. அந்த நடிகன் என்ன தப்புச் செய்தான், தயாரிப்பாளர் யார் வயிற்றில் அடித்தார் என்று அதற்கு அக்கறை இல்லை. படத்துக்கும் அக்கறை இல்லை. அப்புறம் நமக்கு மட்டும் எங்கிருந்து வரும்? வர்மா மறைத்தது தப்பில்லை, மறைந்திருந்ததற்கும் செத்தவர்களுக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கலும் வைக்காததுதான் தப்பு. போதாததற்கு, ‘பூத்’தில் பாட்டைத் தூக்கிய அதே மனிதர் இங்கே நடுக்காட்டில் பாட்டு வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காடு இலங்கைக் காடு. படம் பிடித்தது சிகிரியாப் பக்கத்துக் காட்டில். படம் வந்தது 2009 ஆகஸ்ட் 7. அதே தீவின் வடக்கே முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து அப்போது மூன்று மாதம்கூட நிறையவில்லை. சிகிரியா வேறு, வன்னி வேறு, எனக்குத் தெரியும். படக்குழுவின் மேல் பழி போடவும் இல்லை. ஆனால் அந்த வருடம் ஒரு தமிழன் திரையில் அந்தத் தீவின் காட்டைப் பார்த்து, ‘இங்கே மனிதர்களைக் கொல்வது எது?’ என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, ரப்பர் மிருகத்தையா கற்பனை செய்வான்?

வர்மா ஒன்றுமே சொல்லாமல் விட்டார். வெஸ் கிரேவன் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தார்.

கிரேவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அந்த மனிதரின் மேல் எனக்கு மரியாதை அதிகம். கிளீவ்லாந்தில், சினிமா பார்ப்பதே பாவம் என்கிற மாதிரியான கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பத்தில் 1939-ல் பிறந்தவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். முப்பது வயதைத் தாண்டி 1972-ல் எடுத்த முதல் படம் ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’. அதன் கதை இங்மார் பெர்க்மனின் ‘தி வர்ஜின் ஸ்பிரிங்’கிலிருந்து எடுத்தது. 1984-ல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’. தென்கிழக்கு ஆசியாவில் போருக்குத் தப்பி அமெரிக்கா போன அகதிக் குடும்பங்களில், வாலிபர்கள் தூக்கத்திலேயே கத்திச் செத்துப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த செய்திதான் அதற்கு வித்து. தூங்கினால் கொல்ல வருகிறான் ஃப்ரெடி. ஓடலாம், ஒளியலாம், எத்தனை நாள் தூங்காமல் இருப்பது?

அந்தப் படத்தின் உயிர் கத்தி வைத்த கையுறையில் இருப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் தெருவில் இருந்த அப்பா அம்மாக்கள் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கொன்ற இந்த ஃப்ரெடியைச் சட்டம் விட்டுவிட்டது என்று தாங்களே சேர்ந்து எரித்துக் கொன்றுவிட்டு, பிள்ளைகளிடம் வாயே திறக்காமல் இருந்தார்கள். அவன் இப்போது பிள்ளைகளின் தூக்கத்தில் வந்து வசூல் செய்கிறான். நான்சி என்கிற அந்தப் பெண் கேட்கக் கேட்க, அம்மா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள், போலீஸ்கார அப்பா நம்ப மறுக்கிறார். பெரியவர்கள் வாங்கிய கடன், பிள்ளைகள் தலையில். 1996-ல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்திலும் அம்மாவின் பழைய உறவு ஒன்றுக்காகத்தான் மகள் சிட்னி ஓடுகிறாள். கிரேவனின் வெற்றிகள் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை.

‘மை சோல் டு டேக்’கிலும் அதே கணக்குத்தான், வேண்டும் என்றே எடுத்திருக்கிறார். ரிவர்டன் என்று ஒரு சின்ன ஊர். ஒரு கொலைகாரன் தப்பி ஓடிச் செத்ததாகச் சொல்லப்படும் ராத்திரியில் அந்த ஊரில் ஏழு குழந்தைகள் பிறக்கின்றன. பதினாறு வருடம் கழித்து, அவர்களின் பிறந்த நாளில், ஏழு பேரும் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பிக்கிறார்கள். கொலைகாரனின் உடம்பில் பல ஆன்மாக்கள் இருந்தன, அதில் கெட்டது ஒன்று ஏழு பிள்ளைகளில் யாரிடமோ புகுந்துவிட்டது என்பது ஊர்ப் பேச்சு. ஏழில் ஒருவன் பக் என்கிற அப்பாவிப் பையன். அவன் அந்தக் கொலைகாரனுக்கே பிறந்தவன், அது அவனுக்கு மட்டும் தெரியாது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாருங்கள். வெள்ளலூர்க்காரர்கள் இங்கே இருந்தால் ஏழு என்றதும் காது நிமிர்ந்திருக்கும். ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் வருடா வருடம் ஏழு சிறுமிகளைச் சாமிப் பிள்ளைகளாகத் தேர்ந்தெடுக்கிறோம். அறுபதுக்கு மேல் கிராமம் அந்தப் பதினைந்து நாளும் அந்தக் குழந்தைகளைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறது. ஆண்கள் உடம்பில் வைக்கோல் பிரி சுற்றி, முகமூடி போட்டு வருவார்கள். ரிவர்டனிலும் வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் ஆற்றங்கரையில் கூடி, கொலைகாரனைப் போல ஒரு பொம்மையைச் செய்து விரட்டுகிற சடங்கு உண்டு. அந்த ஊரும் ஒரு விதத்தில் ஏழு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த ஊர்தான். வெள்ளலூரில் அந்த ஏழு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள், தாய்மாமன் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ரிவர்டனின் ஏழு பேரில் மூன்று பேர் யாரென்று நமக்குத் தெரிவதற்குள் பிணமாகிவிடுகிறார்கள்.

கண் தெரியாத ஒருவன், சாமி பக்தி மிகுந்த ஒருத்தி, அழகி ஒருத்தி, முரடன் ஒருவன். ஆளுக்கு ஓர் அடைமொழி, அதற்கு மேல் விவரம் இல்லை. மிச்ச நேரமெல்லாம் விளக்கம். ஆன்மா எப்படிப் பிரிகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, செத்தவர்களின் குரலில் பக் ஏன் பேசுகிறான் என்று பாத்திரங்கள் நின்று நின்று பேசுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் கத்தி கையில் இருக்க, வீட்டுக்குள் உட்கார்ந்து வியாக்கியானம் நடக்கிறது. அத்தனை வருடம் ஊர் மறைத்த ரகசியத்தை பக்கின் அக்கா நாலு வசனத்தில் கொட்டிவிடுகிறாள். எல்ம் தெருவில் அம்மாவின் மௌனம் நம்மைக் கொன்றது. இங்கே எவரும் மௌனமாக இருப்பதில்லை.

கணக்கையும் சொல்கிறேன். செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் அதைவிடக் குறைவு. சாதாரணமாக எடுத்த படத்தைப் பிற்பாடு 3டியாக மாற்றி, கண்ணாடி கொடுத்து டிக்கெட் விலையை ஏற்றிப் பார்த்தும் முதல் வாரக் கடைசியில் எழுபது லட்சம் டாலரைத் தொடவில்லை. 1994-க்குப் பிறகு அவரே எழுதி அவரே இயக்கிய முதல் படம் அது. அடுத்த வருடம் ‘ஸ்க்ரீம் 4’ எடுத்தார், அதுவே கடைசிப் படம். 2015 ஆகஸ்டில் மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார்.

அவர் இறந்த இரண்டு வாரத்தில், 2015 செப்டம்பரில், இந்த மேலூரில் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் யாரும் இங்கே இல்லை. கிரானைட் குவாரி முறைகேடு பற்றி 2012-ல் கலெக்டராக இருந்து, பதினாறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை எழுதிய உ. சகாயம், உயர் நீதிமன்றம் நியமித்த சட்ட ஆணையராகத் திரும்பி வந்திருந்தார். குவாரியில் நரபலி கொடுத்துப் புதைத்ததாக ஒரு புகார். சின்னமலம்பட்டிச் சுடுகாட்டில் தோண்ட வேண்டும். தடயம் கலைந்துவிடக் கூடாது என்று அந்த மனிதர் ராத்திரி முழுக்கச் சுடுகாட்டிலேயே கட்டில் போட்டுத் தங்கினார். எலும்புகள் எடுக்கப்பட்டன. புகாரில் எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை, அது நீதிமன்றத்தின் பாடு. நான் சினிமாக்காரனாகப் பேசுகிறேன். ஐஏஎஸ் அதிகாரி ஒருவர் எலும்புக்குக் காவலாகச் சுடுகாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற காட்சியை ஹாலிவுட்டில் எந்தக் கிரேவன் எழுதினான்?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுப்பட்டில் கல் எடுத்துவிட்டு அப்படியே விட்ட பள்ளங்கள் எத்தனை, தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கின்றன. கம்மாய்க்கு வர வேண்டிய தண்ணீர் வாய்க்கால் உடைந்து அங்கே போய் நிற்கிறது. லீவு நாளில் பையன்கள் குளிக்கப் போகிறார்கள். நம் அப்பத்தாக்கள் ‘உச்சிப் பொழுதில் கம்மாக்கரைப் பக்கம் போகாதே’ என்பார்கள். நமக்குப் பேய் வருவது நடு ராத்திரியை விட நடுப் பகலில் அதிகம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு நான்கு பையன்கள் நிற்கிறார்கள். அந்தப் பள்ளம் எப்படி வந்தது, யார் நிலம், யார் கையெழுத்து, எவ்வளவு வாங்கினார்கள் என்று அவர்கள் வீட்டில் எவருமே சொன்னதில்லை. ஸ்லாஷர் படம் தமிழ்நாட்டுக்கு ஒட்டாது என்று சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இந்த இடம். காட்டுக்குப் போக வேண்டாம், முகமூடிகூட வேண்டாம். ஆனால் முதல் பாதியில் அந்த நான்கு பையன்களின் வீட்டுக்கும் என்னைக் கூட்டிப்போக வேண்டும். யார் வீட்டில் கடன், எவன் டிப்ளமோவில் அரியர் வைத்திருக்கிறான், எவனுக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டால் அப்புறம் நீங்கள் கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாலே நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

‘அப்படி எடுத்தால் சென்சாரில் விடுவார்களா?’ என்று ஒரு தம்பி துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். சென்சார் ரத்தத்தைத்தான் வெட்டும். பஞ்சாயத்து அலுவலக மேஜையில் ஒரு கையெழுத்தைக் காட்டினால், சென்சாரை விட முதலில் வருவது வேறு ஆட்கள். அது உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சீட்டு, ‘ஓடாத படத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினீர்களே, நாங்கள் பார்க்கலாமா, வேண்டாமா?’ பாருங்கள். ‘பூத்’தை முதலில் பாருங்கள், ராத்திரி, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது. அதற்கு அடுத்த நாள் ‘அக்யாத்’. முதல் மரணம் வரைக்கும் கவனமாகப் பார்த்து, அதுவரை எந்தப் பாத்திரத்தின் பெயர் உங்கள் மனதில் தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘மை சோல் டு டேக்’கில் ஒரு வகுப்பறைக் காட்சி உண்டு. பக்கும் அவன் நண்பன் அலெக்ஸும் கலிபோர்னியாக் கழுகு பற்றிப் பாடம் எடுக்க, ஆள் உயரத்துக்கு இறக்கை வைத்த கழுகு வேஷத்தோடு வருவார்கள். வகுப்பே மிரளும், தங்களைச் சீண்டும் முரடனைப் பழியும் வாங்குவார்கள். பின்னால் கொலைகாரன் யார் என்று தெரியும்போது, அந்தக் கழுகுக் காட்சியை நினைத்தால் வயிறு கலங்கும். அந்த இரண்டு பையன்களை மட்டும் கிரேவனுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்காக மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். 3டி கண்ணாடி தேவையில்லை.